எங்கள் ஊருக்குச் சமுதாய வானொலி வந்தால் யாருக்கு என்ன லாபம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிழக்குக் கரையில் உங்கள் ஊர். ஒரு தொண்டு நிறுவனம் வந்து கூட்டம் போட்டு, 'உங்களுக்கென்று ஒரு சமுதாய வானொலி, அதாவது ஊர்க்காரர்களே பேசி நடத்தும் சின்ன எஃப்.எம். நிலையம், தொடங்கப் போகிறோம். ஊராட்சி இடம் கொடுக்க வேண்டும், பையன்கள் பெண்கள் என்று நாலைந்து பேர் வேலைக்கு வர வேண்டும்' என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன், தெருவுக்குத் தெரு வாட்ஸ்அப் குழு என்று ஆனபிறகு ரேடியோவை யார் கேட்கப் போகிறார்கள், இது நிதி வாங்கக் காட்டும் கணக்கா, இல்லை ஊருக்கு நிஜமாகவே ஏதாவது கிடைக்குமா என்பது உங்கள் சந்தேகம். எனக்கு அதில் இன்னொரு கேள்வியும் தெரிகிறது. இந்த நிலையம் எங்களுடையதாக இருக்குமா, எங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு வேறு யாருடையதாகவோ இருக்குமா என்பதுதான் அது. முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் முக்கியம், அதனால்தான் பதில் நீள்கிறது.

நான் ஆகாசவாணியில் கேஷுவல் அறிவிப்பாளராக மைக் முன்னால் உட்கார ஆரம்பித்தவன். பிறகு ஒரு கடலோர மாவட்டத்தில் சமுதாய வானொலி ஒன்றின் நிகழ்ச்சிகளைப் பல வருடம் பார்த்துக்கொண்டேன். என்னுடைய அனுபவம் கடற்கரை ஊர்களோடு சரி. மலைக் கிராமத்துக்கோ நகரத்துக் கல்லூரி வானொலிக்கோ இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். விதிமுறைகளும் அவ்வப்போது மாறுகிறவை. விண்ணப்பம் போடுகிற அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அப்போதைய வழிகாட்டு நெறிகளை ஒருதரம் படித்துவிடுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய ஒரு வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அரசாங்கத்துக்கு மட்டும் சொந்தம் என்றிருந்த காற்று மக்களுக்கும் சொந்தம் என்றானது அங்கேதான். ஆனாலும் கதவு ஒரேயடியாகத் திறக்கவில்லை. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் மையங்களும் விண்ணப்பிக்கலாம் என்று ஆனது 2006 கடைசியில். இன்றைக்கு நாடு முழுக்கச் சுமார் 500 நிலையங்கள் இருக்கின்றன. நம் பக்கம் பெரும்பாலானவை கல்லூரி, பல்கலைக்கழகங்களின் கையில் இருப்பவை. மீனவர் ஊரில் மீனவருக்கென்றே ஒலிப்பவை என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பாம்பனில் 2016-இல் தொடங்கிய 'கடல் ஓசை 90.4' உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளை நடத்தும் 'களஞ்சியம்' இன்னொன்று.

'பாம்பன் வானொலி எங்கள் ஊருக்கு எட்டவில்லையே' என்று நீங்கள் கேட்கலாம். எட்டக்கூடாது என்றுதான் விதியே இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் 50 வாட், ஆண்டெனாவோடு சேர்த்து வெளியே போகும் சக்தி 100 வாட், கம்பத்தின் உயரம் தரையிலிருந்து 30 மீட்டர். இவைதான் உச்சவரம்பு. தரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும். திருச்சி ஆகாசவாணியின் 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை 100 கிலோவாட்டில் பாதித் தமிழ்நாட்டை மூடுகிறதென்றால், உங்களுக்குக் கிடைக்கப்போவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடல்பக்கம் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. மரமும் கட்டடமும் இல்லாத தண்ணீர்ப் பரப்பில் 30 மீட்டர்க் கம்பத்துக்கும் படகில் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடியோவுக்கும் கணக்குப்படி 28 கிலோமீட்டர் வரை நேர்ப்பார்வை இருக்கும். விளிம்புக்குப் போகப் போக இரைச்சல்தான். வல்லத்திலும் நாட்டுப்படகிலும் கரையோரம் தொழில் செய்கிறவர்களுக்கு இது போதும். ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகுக்குப் போதாது. கூட்டத்தில் யாராவது 'நடுக்கடலில் இருப்பவனுக்கும் கேட்கும்' என்று பேசியிருந்தால் எத்தனை மைலில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இனி போன் சங்கதி. வாட்ஸ்அப்போடு போட்டி போட்டு வானொலி ஜெயிக்காது; போட்டி போடவும் வேண்டாம். கையும் கண்ணும் வேலையில் மாட்டியிருக்கும் நேரம்தான் வானொலிக்கு உரியது. வலை பின்னும்போது, கருவாடு புரட்டும்போது, ஐஸ் பெட்டி அடுக்கும்போது, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ரீசார்ஜ் தீர்ந்தாலும் வானொலி நிற்காது. எழுத்துக்கூட்டத் தெரியாத கிழவிக்கும் அது பேசும். இது வானொலிக்காரன் பெருமைக்குச் சொல்வதல்ல, எந்த மீன்பிடி ஊரிலும் மதியம் மூன்று மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் தெரிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தனி ரேடியோப் பெட்டி வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். போனில் எஃப்.எம். வேலை செய்ய இயர்போன் ஒயர்தான் ஆண்டெனா. புதுப் போன்களில் அதைச் செருகும் ஓட்டையே இல்லை, பலவற்றில் எஃப்.எம். வசதியையும் எடுத்துவிட்டார்கள். போன்களில் எஃப்.எம்.மை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நிலையம் வைக்கிறவர்கள் கூடவே மலிவு விலை ரேடியோவுக்கும், டீக்கடை, ஏலக்கூடம், ரேஷன் கடை போன்ற இடங்களில் ஒலிபெருக்கியோடு வைக்கும் பெட்டிக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒதுக்கவில்லை என்றால் கேட்பவர்களைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை.

வானொலியால் ஊர் மாறுமா என்பதற்கு உருப்படியான சான்று ஒன்று உண்டு, பழையது. 1956-இல் பூனாவை மையமாக வைத்து, அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் ஆகாசவாணி ஒரு சோதனை நடத்தியது. யுனெஸ்கோ உதவியது. ஊருக்குச் சுமார் இருபது பேர் கொண்ட ஒரு மன்றம். வாரம் இரண்டு நாள் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். தங்கள் கேள்வியையும் முடிவையும் நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். அடுத்தடுத்த நிகழ்ச்சியில் பதில் வரும். பால் நியூரத் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்தார். மன்றம் இருந்த ஊர், ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர், ரேடியோவே இல்லாத ஊர் என்று மூன்றையும் வைத்து ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்க்காரர்களுக்கு விஷயஞானம் நன்றாகக் கூடியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்த ஊரில் கொஞ்சம்தான். பெட்டி பேசினால் மட்டும் போதாது. கேட்டவர்கள் கூடிப் பேச வேண்டும், அந்தப் பேச்சு திரும்ப நிலையத்துக்குப் போக வேண்டும். நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கண்டதும் இதுதான். அந்தத் திட்டத்தை 1959-இல் நாடு முழுக்க விரித்தார்கள். ஆனால் மன்றம் கூடியதா, கடிதம் வந்ததா, பதில் போனதா என்று பின்தொடர ஆள் போதாமல் அது மெல்லத் தேய்ந்தது. நல்ல சோதனைகள் பலவற்றுக்கு நம் நாட்டில் இதே கதிதான்.

நம் பக்கத்துக் கதை ஒன்றைக் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். 1960-களில் தஞ்சாவூர் டெல்டாவில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியபோது, திருச்சி வானொலி வழியாக அதைத் தெரிந்துகொண்ட விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தது உண்மை. வானொலியால்தான் அந்த நெல் பரவியது என்பதை மட்டும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள். தஞ்சாவூர் அப்போது தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் இருந்தது. விதை, உரம், கடன், கிராம சேவகர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. அதில் வானொலியின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்ல வழியில்லை. வேண்டிய விதை கிடங்கில் கையிருப்பாக இருந்த ஊரில் வானொலி பேச்சு பலித்தது என்று மட்டும் சொல்லலாம். உங்கள் ஊருக்கும் இதுதான். 'மீனுக்கு நல்ல விலை கிடைக்க ஐஸ் போட்டு வையுங்கள்' என்று தினமும் மூன்று வேளை ஒலிபரப்பலாம். ஐஸ் பிளாண்ட் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அது வெறும் உபதேசம்.

ஒரு நிகழ்ச்சி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மீன்கூடையோடு நிற்கும் பெண்களைக் கண்டால் டவுன் பஸ் நிற்காமல் போய்விடுகிறது என்று ஒரு ஊரில் பேச்சு. எங்கள் பையன் ஒருவன் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கருவாடு காயப்போடும் களத்துக்குப் போனான். கடற்காற்று மைக்கில் அடித்தால் 'புஸ்' என்று இரைச்சல் ஏறும். அதற்காகத் துண்டை மடித்து மைக்கைச் சுற்றிக்கொண்டு, வலைக் குவியலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துதான் பதிவு செய்வோம். வயசான அம்மா ஒருத்தி அவனைப் பார்த்து, 'ஏய்யா, நான் இதுல பேசினா பஸ்ஸு நிக்குமா?' என்று கேட்டாள். 'தெரியாது ஆத்தா, பேசித்தான் பாருங்களேன்' என்றான். பேசினாள். எந்த நேரத்துப் பஸ், எந்த நிறுத்தம், நடந்து போனால் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வாள், அதற்குள் கூடையில் இருக்கும் மத்தி என்ன விலைக்கு இறங்கும் என்று புட்டுப் புட்டு வைத்தாள். அதை ஒலிபரப்பிவிட்டு, பணிமனையிலிருந்து ஒரு அதிகாரியை ஸ்டூடியோவுக்கு அழைத்து, அதே பதிவைப் போட்டுக் காட்டிப் பதில் வாங்கினோம். பஸ் நிற்க ஆரம்பித்தது. சில மாதத்தில் ஆள் மாறி, பழைய கதை திரும்பியது; நாங்களும் நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டோம். இடையில் அந்த அம்மா ஸ்டூடியோவுக்கே வந்து, தன் பேச்சில் மருமகனைத் திட்டிய பகுதியை ஏன் வெட்டினீர்கள் என்று சண்டை பிடித்தாள். அவளுக்கு எடிட்டிங் என்றால் என்ன என்று கம்ப்யூட்டரில் காட்ட வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் எங்களுக்கு நேயர் மட்டுமல்ல, நிகழ்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற ஆளும் ஆகிவிட்டாள்.

வாட்ஸ்அப்பில் இதைச் செய்ய முடியாதா என்றால், பாதி முடியும். குரல் பதிவாக அனுப்பலாம். ஆனால் குழுவில் அவள் இருக்க மாட்டாள், அவள் பேரன்தான் இருப்பான். அதிகாரி அந்தக் குழுவில் இருந்தாலும் பதில் போட மாட்டார். வானொலி என்றால் ஊரே கேட்கும் என்பதால் வந்து உட்கார்ந்து பதில் சொல்கிறார். நாங்கள் வாட்ஸ்அப்பை உள்ளே வரும் வழியாக வைத்துக்கொண்டோம்: மக்கள் குரல் பதிவு அனுப்புவார்கள், சரிபார்த்து ஒலிபரப்புவோம். கடுதாசிக் காலத்தில் இலங்கை வானொலிக்கு நம் கரையிலிருந்து போன போஸ்ட் கார்டுகளின் இன்றைய வடிவம் அதுதான். ராமேஸ்வரம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், சென்னையைவிடக் கொழும்புதான் தெளிவாகக் கேட்டது என்பார்கள். தன் பெயரை வானொலியில் ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்த கதைகளும் சேர்ந்து வரும்.

செய்தி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தியும் அரசியல் நிகழ்ச்சியும் ஒலிபரப்பக் கூடாது. செய்தி வேண்டுமென்றால் ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்துகொள்ளலாம். அதே சமயம் உள்ளூர் நிர்வாகம் தரும் வானிலை, மின்தடை, குடிநீர், போக்குவரத்து, தேர்வு, மருத்துவ முகாம், பேரிடர் எச்சரிக்கை போன்றவை செய்தி என்ற கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம். ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பதிவாகப் பாதுகாத்து வைக்க வேண்டும். செய்திக்கும் இந்த மாதிரித் தகவலுக்கும் நடுவில் ஒரு மங்கலான இடம் இருக்கிறது. ஊராட்சிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருத்தி சொல்வது தகவலா, செய்தியா, அரசியலா? மக்கள் பிரச்சினையைச் சொல்லட்டும், பொறுப்பில் இருப்பவர் பதில் சொல்லட்டும், நாம் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்ற வரம்பில்தான் நாங்கள் நடத்தினோம். அது சட்டத்தின் வாசகம் அல்ல, நாங்களாக வகுத்துக்கொண்ட பழக்கம். ஒப்பந்த ஊழலைத் தோண்டியெடுக்க வானொலி வேண்டும் என்று நினைத்தீர்களானால் அது இதில் நடக்காது. அதற்குப் பத்திரிகை இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

புயல் நேரத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள், சில இடங்களில் வாரக்கணக்கு ஆனது. அந்த மாதிரி நாளில் இரண்டு பேட்டரிக்கு ஓடும் ரேடியோதான் கடைசியாக மிஞ்சும் என்பது சரி. நிலையமும் மிஞ்சினால்தான் அது பேசும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பத்தின் இழுகம்பிகள் உப்புக்காற்றில் அரித்துப் போயிருந்தால் முதலில் விழுவது நம் கம்பம்தான். ஜெனரேட்டரும் குறைந்தது மூன்று நாள் டீசலும் இல்லாத நிலையம் புயலுக்கு உதவாது. இன்னொரு வரம்பும் உண்டு. வானொலி ஒருவழிப் பேச்சு. கடலில் மாட்டிக்கொண்டவன் அதன் வழியாகக் கூப்பிட முடியாது; அவனுக்கு இருபக்கமும் பேசக்கூடிய வி.எச்.எஃப். கருவிதான் வேண்டும். வானொலியின் நிஜமான பலம் புயலுக்கு முந்திய இரண்டு நாளிலும் பிந்திய இரண்டு மாதத்திலும் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், எங்கே அரிசி கொடுக்கிறார்கள், படகுச் சேதக் கணக்கெடுப்பு என்றைக்கு, என்னென்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அந்த நாட்களில்தான் தேவைப்படும். ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு நகாதா பகுதியில் இருந்த கொரியர்களுக்கும் வியட்நாமியர்களுக்கும் நிவாரணத் தகவல் அவரவர் மொழியில் போய்ச் சேரவில்லை என்று தன்னார்வலர்கள் சிறு நிலையங்களை நடத்தினார்கள். அவை சேர்ந்துதான் பிறகு எஃப்.எம். வைவை என்ற பலமொழிச் சமுதாய வானொலி ஆனது. அரசின் பெரிய நிலையம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும்போது யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் பேசுவதுதான் சின்ன நிலையத்தின் வேலை.

இதுவரை சொன்னதை வைத்து, மக்கள் கையில் மைக் கொடுத்தாலே நல்லதுதான் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ருவாண்டாவில் 1993-இல் ஒரு தனியார் வானொலி தொடங்கியது. நல்ல பாட்டு, கலகலப்பான பேச்சு, தெருவில் பேசுகிற மொழி, நேயர்கள் போனில் பேசலாம். மக்கள் விரும்பிக் கேட்டார்கள். 1994 இனப்படுகொலையில் அதே குரல்கள் கொல்லச் சொல்லி உசுப்பின. யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தன. நிலையத்தை நடத்தியவர்களை, ருவாண்டாவுக்கென்று ஐ.நா. அமைத்த சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் பின்னால் தண்டித்தது. நம் ஊரில் அந்த அளவுக்குப் போகாது என்று சொல்லலாம். ஆனால் நாட்டுப்படகுக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் தகராறு நடக்கிற வாரத்தில், இரண்டு விசைப்படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை பற்றி ஒரு பக்கத்தின் பேச்சை மட்டும் ஒலிபரப்பினால் மறுநாள் கரையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டூடியோ எந்தத் தெருவில் இருக்கிறது, எந்தச் சாதிப் பெண் அந்தத் தெருவுக்குள் தயங்காமல் வருவாள், நிகழ்ச்சிக் குழுவில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதையெல்லாம் டிரான்ஸ்மிட்டர் வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ஊர்க் கமிட்டி தலைவர் வீட்டு மாடியில் இலவசமாக இடம் கிடைக்கிறது என்றால் நான் வேண்டாம் என்பேன். பள்ளிக்கூடம், நூலகம், எல்லோரும் போய்வரும் பொது இடம் ஏதாவது இருந்தால் வாடகை கொடுத்தாவது அங்கே வையுங்கள்.

கடைசியில் எல்லாம் பணத்தில் வந்து நிற்கும். நிலையம் தொடங்கக் காசு கிடைத்துவிடும். அரசின் உதவித் திட்டமும் இருக்கிறது, நன்கொடை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் வருடம் கரண்டு பில்லும் நாலு பேர் சம்பளமும் யார் கொடுப்பது? 2024 நெறிமுறைப்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம், அதற்கு முன் 7 நிமிடம்தான். அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 74 ரூபாய் என்று அதே சமயம் உயர்த்தினார்கள். 30 விநாடி விளம்பரம் ஒன்றுக்கு 222 ரூபாய். நாளுக்குப் பத்து ஓடினால் 2,220. கேட்க நன்றாகத்தான் இருக்கும். நாள்தோறும் பத்து வராது, வந்ததற்கும் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். உள்ளூர் ஜவுளிக்கடை, படகு எஞ்சின் மெக்கானிக், கல்யாண மண்டபம் என்று சின்னச் சின்ன விளம்பரங்களால் ஓடும் நிலையங்கள்தான் தாக்குப்பிடிக்கின்றன. பணம் இல்லாத நிலையம் மூடிவிடுவதுகூட இல்லை. சினிமாப் பாட்டைக் கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டுவிட்டு, ஒரு ஆள் காவலுக்கு இருப்பார். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரிக்க வேண்டும் என்பது விதி. பழைய நிகழ்ச்சியை மறுபடி மறுபடி போட்டு அதை ஈடுகட்டுவார்கள். அப்படிப்பட்ட நிலையத்துக்கு உங்கள் ஊராட்சி இடம் கொடுக்க வேண்டியதில்லை. பாட்டுக் கேட்க ஏற்கெனவே போன் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் தெலங்கானாவின் சங்கம் வானொலியைச் சொல்ல வேண்டும். அன்றைய மேதக் மாவட்டம் மாச்சனூரில் தக்காண வளர்ச்சிக் கழகம் என்ற தொண்டு நிறுவனத்தின் தலித் பெண்கள் நடத்துவது. 2008 அக்டோபர் 15-இல் ஒலிபரப்புத் தொடங்கியது. ஸ்டூடியோ அதற்குப் பத்து வருடம் முன்பே தயாராக இருந்தது. அனுமதி இல்லை. அதுவரை அவர்கள் சும்மா இருக்கவில்லை; நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, பெண்கள் சங்கக் கூட்டங்களில் டேப்பில் போட்டுக் கேட்டு, பேசி, திருத்தினார்கள். அனுமதி வந்தபோது அவர்களிடம் பேசத் தெரிந்தவர்களும், கேட்கப் பழகியவர்களும், கையிருப்பாக நூற்றுக்கணக்கான மணிநேர நிகழ்ச்சிகளும் இருந்தன. நான் பார்த்தவரை, தொடக்க விழா முடிந்த மூன்றாம் மாதத்தில் 'இன்றைக்கு என்ன போடுவது' என்று கையைப் பிசையாத நிலையங்கள் இப்படி முன்கூட்டியே பழகியவைதான்.

ஆகவே என் யோசனை: உடனே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல், அந்த நிறுவனத்திடம் ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். அனுமதிக்கு எப்படியும் அதற்கு மேல் ஆகும். உள்துறை, பாதுகாப்புத் துறை ஒப்புதல்கள், அலைவரிசை ஒதுக்கீடு, அனுமதி தர முன்வருவதாக அமைச்சகம் கொடுக்கும் விருப்பக் கடிதம், கம்பத்துக்கான இட அனுமதி, ஒப்பந்தம், இயக்க உரிமம் என்று வரிசை நீளம். அந்த ஆறு மாதத்தில் இரண்டு போன்களும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் வைத்து வாரம் ஒரு அரைமணி நிகழ்ச்சி தயாரிக்கச் சொல்லுங்கள். ஏலக்கூடத்தில் ஸ்பீக்கர் வைத்துப் போடுங்கள். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள், சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. யார் நின்று கேட்கிறார்கள், யார் மறுவாரம் வந்து 'நானும் பேசுகிறேன்' என்கிறார்கள், பெண்கள் எத்தனை பேர், எந்தத் தெருக்காரர் வரவே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் இதற்குச் சம்மதிக்காமல் திறப்பு விழா தேதியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் உங்கள் சந்தேகம் சரிதான்.

சம்மதித்தால் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். புதிய நெறிமுறையும் அதைத்தான் சொல்கிறது. கணக்கு வழக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிராம சபையில் படிக்க வேண்டும், ஒரு நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லவும் புதிதாக ஒன்றைக் கேட்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று இரண்டையும் ஊராட்சித் தீர்மானத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டதெல்லாம் முதல் ஒருங்கிணைப்பாளர் மாறிப் போகும்வரைதான் நிற்கும். கம்பம் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறது, விருப்பக் கடிதம் கையில் வந்துவிட்டதா என்பதைக் கேட்டு எழுதினீர்களானால், இழுகம்பிக்கும் இடிதாங்கிக்கும் என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.